கொண்டைப்பாறையில் தொங்கும் கயிறு

மேல் பிரிவு லயம், ராகலை
19 மார்ச் 2025

துஷாந்துக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வெட்கமாக இருக்கிறது. தொடை எலும்பில் கம்பி வைத்துப் படுத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா அது? இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைக்கலாம். நீ விழுந்து இன்றோடு பதினொரு நாள். நாற்பது தரமாவது போன் எடுத்திருப்பேன். முதலில் மணியாவது அடித்தது, பிறகு அதுவும் இல்லை. என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதாக நம் வகுப்பில் படிக்கும் தர்ஷன் சொன்னான். சரி என்று போன ஞாயிறு பஸ் ஏறி வலப்பனையில் உன் அக்கா வீட்டுக்கே வந்தேன். ரஜிதா அக்கா வாசலிலேயே மறித்து, "அவன் தூங்குறான், நீங்க போங்க" என்றார். உள்ளே நீ இருமியது எனக்குக் கேட்டது. தூங்குகிறவன் அப்படித் தொண்டையைச் செருமி இருமமாட்டான். கொண்டு வந்த தோடம்பழங்களைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எழுதுகிற காரணம் இதுதான். மார்ச் எட்டாம் திகதி கொண்டைப்பாறையில் நடந்ததைப் பற்றி, நமக்குப் பயிற்றுநர் அட்டை தந்த மலையேற்ற முகாமில் விசாரணை வைக்கிறார்கள். நம் இருவரிடமும் எழுத்தில் அறிக்கை வேண்டுமாம். ஏப்ரல் 25ஆம் திகதிக்கு முன் கொடுக்க வேண்டும், 28ஆம் திகதி கூடி முடிவு சொல்வார்கள் என்று முகாமை நடத்தும் கணேசமூர்த்தி ஐயா சொன்னார். நான் அன்றைக்கே என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். "ஏறுபவரின் முடிச்சைச் சோதிக்காமல் ஏற விட்டேன்." ஒரே வரி. மிச்சத்தை நீ எழுதுவாய்.

உன் அறிக்கையைப் பொறுத்துத்தான் என் பயிற்றுநர் அட்டை. அது போனால் நான் இந்த வாழ்நாளில் இன்னொருவருக்குக் கயிறு பிடிக்க முடியாது. நீயும் நானும் ஆரம்பித்த பாறையேறும் வகுப்பின் பன்னிரண்டு பேரும் தினமும் வந்து "எப்ப அக்கா தொடங்குவோம்" என்று கேட்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுது. அதற்கு மேல் எனக்காக எதுவும் எழுத வேண்டாம்.

பதில் போட்டால் தோட்ட ஆபீசுக்குப் போடாதே. அங்கே வருகிற கடிதம், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நாலு கை மாறித்தான் என்னிடம் வரும். அதற்குள் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று லயம் முழுக்கத் தெரிந்துவிடும். ராகலை பஜாரில் கந்தப்பன் அண்ணன் கடை விலாசத்துக்குப் போடு.

சுலக்ஷனா


வலப்பனை
27 மார்ச் 2025

செல்வி பெ. சுலக்ஷனா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தோடம்பழங்களும் கிடைத்தன. அக்காவின் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். தங்கள் அனுமதிக்கு நன்றி. எனக்கு நினைவில் இருப்பதைச் சொல்கிறேன், சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் உச்சிக்குப் போனேன். கயிறு ஓடுகிற இரும்பு வளையத்தைக் கையால் தட்டினேன். "எறக்கு" என்று சத்தம் போட்டேன். கீழே இருந்து "சரி" என்று உங்கள் குரல் வந்தது. பின்னால் சாய்ந்தேன். கயிறு இல்லை. அவ்வளவுதான். கயிறு யார் கையில் இருந்தது?

பிறகு பாறையடியில் மானாப்புல் திட்டில் கிடந்தேன். அதில் நினைவிருப்பது இரண்டு விஷயம். ஒன்று, நான் தண்ணீர் கேட்டேன், நீங்கள் தரவில்லை. போத்தல் உங்கள் பக்கத்தில் இருந்தது, அதன் நீல மூடி என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டு, மூக்கன் மாமாவும் ஆட்களும் என்னைத் தூக்கிக்கொண்டு போக ஓடி வந்தார்கள். நீங்கள் அவரைத் தள்ளிவிட்டீர்கள். தோட்டத்திலேயே மூத்த மனிதரை. மூன்று மணித்தியாலம் அந்த ஈரத்தில் போட்டு வைத்திருந்தீர்கள். ஒரு மனிதன் சாகக் கிடக்கிற நேரத்தில் கூட நீ சட்டம் பேசினாய் சுலக்ஷனா. "தொடாதீங்க, தொடாதீங்க" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

பார், கோபத்தில் மரியாதையும் விட்டுப்போயிற்று. இருக்கட்டும்.

மூன்று மாதம் கைத்தடி என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகு பாறை ஏற முடியுமா என்று கேட்டேன். முதலில் கழிவறைக்கு நடக்கப் பாருங்கள் என்றார். அக்காதான் பிடித்துக்கொண்டு போகிறாள். எனக்கு இருபத்தெட்டு வயது.

அறிக்கையில் உள்ளதை எழுதுவேன். கயிறு தளர்ந்தது. கயிறு பிடித்தவர் விட்டுவிட்டார். அதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

துஷாந்த்


ராகலை
31 மார்ச் 2025

துஷாந்துக்கு,

"செல்வி அவர்களுக்கு" என்று உறையில் பார்த்த கந்தப்பன் அண்ணன், "இது உனக்கு வந்ததுதானா, இல்ல வேற யாருக்கும் வந்ததா?" என்று என்னையே கேட்டார். நானும் அதைத்தான் யோசித்தேன்.

தண்ணீரை முதலில் எடுக்கிறேன். தோட்டம் முழுக்க அதுதான் பேச்சு. பீலிக்கரையில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள். "சாகக் கெடந்த புள்ளைக்கு ஒரு சொட்டு தண்ணி குடுக்காதவ" என்று உன் அம்மா சொன்னாராம். அவரை நான் குறை சொல்லமாட்டேன். உன்னைச் சொல்வேன். தொடை எலும்பு உடைந்தவனை ஆபரேஷனுக்குத்தான் கொண்டு போவார்கள், வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்று வகுப்பில் சொன்னது யார்? மூன்றாம் நாள் பாடம். தர்ஷனைத் தரையில் படுக்க வைத்து நீதான் செய்து காட்டினாய். ஈரத் துணியால் உதட்டை நனைக்கலாம் என்றாய். நனைத்தேன். அது மட்டும் உனக்கு நினைவில்லை.

மூக்கன் மாமா உன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வந்தார். ஒடிந்த எலும்பு உள்ளே அசைந்து இரத்தக் குழாயை வெட்டினால், பாதி வழியிலேயே நீ முடிந்திருப்பாய். அவர் கையைத் தட்டிவிட்டேன். "எங்க புள்ளைய தொடக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை. உன் உடைந்த காலை நல்ல காலோடு சேர்த்துக் கொழுந்துச் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஈரத்தில் போட்டு வைத்தேன் என்கிறாய். கீழே ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்களே, அவர்கள் நனையாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்கையெல்லாம் அவிழ்த்து வாங்கினேன். ஒன்பது படங்கு. ஐந்தை உனக்குக் கீழே விரித்தேன், நாலை மேலே போட்டேன். தரைக் குளிர்தான் முதலில் ஆளைக் கொல்லும், அதனால் கீழே கூடப் போட வேண்டும் என்பதும் உன் பாடம்தான். அதில் ஒன்று உன் அம்மாவுடையது. அதன் முனையை நீ கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாய். மேகம் இறங்கிப் பத்தடியில் நின்றவர் தெரியவில்லை. பாறையடியில் சிக்னல் கிடையாது. தர்ஷன் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் ஓடிப் போய்த்தான் அம்புலன்சுக்குப் பேசினான். அவர்கள் ஸ்ட்ரெச்சரோடு நடந்து வர மூன்று மணித்தியாலம் ஆயிற்று. நானா மேகத்தை இறக்கினேன்?

இப்போது கயிறு. அது என் கையிலிருந்து ஓடவில்லை. ஓடியிருந்தால் உள்ளங்கை வெந்திருக்கும். ஒரு கீறல் இல்லை, வந்திருந்த அம்புலன்ஸ் ஆட்களே பார்த்தார்கள். நீ சாய்ந்ததும் கயிறு ஒரு கணம் இழுத்தது. பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது, நான் மல்லாக்க விழுந்தேன். நான் விழுந்த இழுப்பில் உன் பக்கத்து முனை மேலே ஏறி வளையத்தில் சிக்கிக்கொண்டது. அந்த முனையில் ஒற்றை எட்டு இருந்ததை, மேகம் இறங்குமுன் கீழிருந்தே பார்த்தேன்.

எட்டு முடிச்சில் இரண்டு ஓட்டம் உண்டு. முதலில் கயிற்றில் ஒரு எட்டு. பிறகு நுனியை இடுப்பில் மாட்டும் ஹானஸ் வாரின் வளையத்தில் விட்டு, அதே எட்டின் தடத்திலேயே திரும்ப ஓட்டி வரவேண்டும். இரண்டாவது ஓட்டம் இல்லாவிட்டால் நுனி சும்மா செருகித்தான் இருக்கும். ஏறும்போது ஒன்றும் தெரியாது. ஆள் சாய்ந்த நிமிஷம் உருவிக்கொள்ளும். இதை உனக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது பார்.

இரண்டாவது ஓட்டத்தை நீ ஓட்டவில்லை துஷாந்த். உனக்கு இது தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரிந்திருந்தும் வெட்கத்தில் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்து ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். நீ என்னடா என்றால் நான் விட்டேன் என்கிறாய். அந்த ஒரு வரியும் நீ எழுதப் போவதும் சேர்ந்தால் என் கதை முடிந்தது.

கயிறு இன்னும் அங்கேதான் தொங்குகிறது. தோட்டத் துரை அன்றைக்கே பாறையை மூடி, யாரும் ஏறக் கூடாது என்று பலகை மாட்டிவிட்டார். முகாமிலிருந்து இருவர் வந்தார்கள். மேலே மேகம். கீழே நின்று எதையோ போட்டோ எடுத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

சுலக்ஷனா


வலப்பனை
7 ஏப்ரல் 2025

சுலக்ஷனாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்க மனம் வரவில்லை.

படங்கு விஷயம் எனக்குத் தெரியாது. அம்மா சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் சொல்லிக்கொள்கிறேன். தண்ணீர் பாடமும் நான் எடுத்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். பாடம் எடுக்கும்போது தாகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் முடிச்சைப் பற்றிப் பேசாதே. ஒன்பது வருடமாக அந்த முடிச்சைப் போடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு போடுவேன், ஒற்றைக் கையால் போடுவேன். உனக்கு அதைக் கற்றுத் தந்தது யார்? கந்தப்பன் அண்ணன் கடை முன்னால் வாழைக்குலை தொங்கவிடுகிற கயிற்றில், அவர் "குலைய எறக்கிட்டு வெளயாடுங்கடா" என்று கத்தக் கத்த, நீ பதினேழு தரம் பிழையாகப் போட்டாய். பதினெட்டாவது சரி. அந்த நீ எனக்கு எட்டு முடிச்சில் எத்தனை ஓட்டம் என்று பாடம் எடுக்கிறாய்.

சரி, ஒரு பேச்சுக்கு நீ சொல்வது போலவே வைத்துக்கொள்வோம். முடிச்சு அரைகுறை என்றால் ஏன் நீ பார்க்கவில்லை? ஏறுவதற்கு முன் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதானே நம் முதல் விதி. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீ பார்க்கவில்லை என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். அதற்குப் பிறகும் பழி என் மேல். உங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். கொழுந்து நிறை குறைந்தால் கிள்ளினவள் மேல்தான் பிழை, தராசு மேல் ஒருநாளும் இல்லை.

நான் இங்கே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். தகரத்தில் நாற்பத்தொரு ஆணி இருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். நீ நடக்கிறாய், பஸ் ஏறுகிறாய், பஜாருக்குப் போய்க் கடிதம் வாங்குகிறாய். அதையும் நினைத்துப் பார்.

வருடப் பிறப்பு முடிந்ததும் அறிக்கையை அனுப்புவேன். மனதை மாற்றமாட்டேன்.

துஷாந்த்


ராகலை
16 ஏப்ரல் 2025

துஷாந்துக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிறகு ஒரு வரிக்காகப் பொறுக்கி எடுத்து ஒட்டினேன். "ஏன் நீ பார்க்கவில்லை?" இத்தனை சண்டையில் நீ கேட்ட ஒரே ஒழுங்கான கேள்வி அது. உனக்கு உண்மையிலேயே நினைவில்லையா?

பன்னிரண்டு பேரும் வட்டமாக நின்றார்கள். நீ முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாய். நான் வந்து உன் இடுப்புப் பக்கம் கையை நீட்டினேன். நீ நிமிர்ந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "என்னம்மா, கூடையக் கவுத்துப் பாக்க வந்திட்டியா? கங்காணி வேலையெல்லாம் உங்க வீட்டோட வச்சுக்க" என்றாய். அவர்களும் சிரித்தார்கள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் உன் தலை ஹெல்மட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முடிச்சைப் பார்த்திருப்பேன். பொய் இல்லை. அதுதான் வினை. நமக்கு ஒன்பது வயது. மழை. மடுவத்து வாசலில் என் அப்பா பெரியதம்பி கங்காணி, உன் அம்மாவின் கூடையைக் கவிழ்த்து, முத்தல் இலை கலந்திருக்கிறது என்று தரையில் கொட்டினார். உன் அம்மா குனிந்து சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நீ அவர் பக்கத்தில் நின்றாய். நான் அப்பாவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். இதைப் பற்றி நாம் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. பாறை ஏறினோம், காட்டில் மூன்று நாள் மழையில் அகப்பட்டுக் கிழங்கு சுட்டுத் தின்றோம், ஒரே கயிற்றில் தொங்கினோம். இதை மட்டும் பேசவில்லை. நீ மறந்திருப்பாய் என்று நான் ஆசைப்பட்டேன். பன்னிரண்டு பேருக்கு முன்னால் நீ மறக்கவில்லை என்று தெரிந்தது.

கண் கலங்கியது. நீ பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன் இடுப்பைப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். திரும்பியபோது நீ பாறையில் நாலடி ஏறிவிட்டாய். அப்போதாவது "எறங்கு, பாக்காம ஏறக் கூடாது" என்று சொல்லியிருக்க வேண்டும். மறுபடியும் கங்காணி என்பாய் என்று பயந்தேன். ஒரு சொல்லுக்குப் பயந்து உன்னைப் பாறையில் ஏற விட்டேன். இது என் பிழை. இதை நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் என்னோடுதான் இருக்கும்.

ஆனால் கயிற்றை நான் விடவில்லை. சாகும்வரை அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். நீ அப்படி எழுதினால் எழுது. இனி உனக்குக் கடிதம் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. 25ஆம் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. இதற்கு மேல் நான் கெஞ்சமாட்டேன்.

சுலக்ஷனா


வலப்பனை
23 ஏப்ரல் 2025

சுலக்ஷனா,

உன் கடிதம் நேற்று முன்தினம்தான் கிடைத்தது. லீவு நாளெல்லாம் தபாலும் தூங்கிவிட்டது. அதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி.

வருடப் பிறப்பன்று அம்மா வந்தார். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் சொன்னார். அதோடு அதாக, "அந்தக் கவுறு இன்னும் அங்கனயேதான் தொங்குது. வெறகுக்குப் போனப்ப மேலருந்து எட்டிப் பாத்தேன். வளையத்துக்கிட்ட முடிச்சு ஒன்னு இறுகிக் கெடக்கு. நீ நம்ம வீட்டுக் கொடியில கட்டிக் கட்டிப் பழகுவியே, அதுல பாதி மாதிரி" என்றார். அவருக்கு அது என்ன என்று தெரியாது. பருப்பு ஊற்றட்டுமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது.

உன் பேச்சை நம்பாமல் இருக்கலாம். அம்மா பொய் சொல்லமாட்டார். உன் வீட்டுக்கு நல்லது நடக்கட்டும் என்று அவர் ஒருநாளும் பொய் சொல்லமாட்டார்.

உனக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நீ கயிற்றை விட்டாய் என்று எழுதிய அறிக்கை அப்போதே என் தலையணைக்குக் கீழே இருந்தது. அதை அப்படியே அனுப்பிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மேலே ஏறிப் பார்க்கிறவர் யாரும் இல்லை, அம்மாவுக்கும் அர்த்தம் தெரியாது. காலும் போய் அட்டையும் போனால் எனக்கு என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டேன். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

பிறகு உன் கடிதம் வந்தது. நான் சொன்ன அந்த வார்த்தையை நீ அப்படியே எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதுதான் என் கைகளும் நினைவுக்கு வந்தன. ஒரு எட்டுப் போட்டிருந்தேன். நுனியை ஹானஸ் வளையத்தில் விட்டிருந்தேன். இரண்டாவது ஓட்டத்துக்கு நுனியைத் திருப்பினேன். அப்போது உன் கை வந்தது. நிமிர்ந்தேன். பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சிரிப்போடு அப்படியே பாறைப் பக்கம் திரும்பி ஏறினேன். இடையில் என் கை முடிச்சுக்குத் திரும்பவே இல்லை. உன்னை மட்டம் தட்டிய அந்த நேரத்தில்தான் அதைக் கட்டியிருக்க வேண்டும்.

மடுவத்து மழையை நான் மறக்கவில்லை. குடையை மறக்கவில்லை. உன் மேல் அந்தக் கோபம் எனக்கு இருந்ததே தெரியாது, இருந்திருக்கிறது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. நீ "எறங்கு" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் இன்றைக்கு நடந்துகொண்டிருப்பேன் என்றும் தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. எரிச்சலாக வருகிறது, யார் மேல் என்று கூடச் சொல்லத் தெரியவில்லை.

அறிக்கையின் பிரதி இதோடு இருக்கிறது. முடிச்சு பாதியில் நின்றது, சோதிக்க வந்தவரை நான் தடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். தடுத்தபோது சொன்னதையும் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அந்த வரிக்கு மட்டும் நாலு தாள் கிழித்தேன். இன்று அக்கா போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டாள்.

அம்மாவிடமும் போனில் சொன்னேன். "தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நீதான் படிச்சுக் குடுத்தியா? அத ஏன்டா மொதல்லயே எங்கிட்ட சொல்லல? ஊரெல்லாம் நான் பேசிட்டு வந்திருக்கேன்" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார்.

துஷாந்த்


ராகலை
4 மே 2025

துஷாந்துக்கு,

முடிவு உனக்கும் வந்திருக்கும். உன் அட்டை ஒரு வருடத்துக்கு இல்லை. நான் மூன்று மாதம் யாருக்கும் கயிறு பிடிக்கக் கூடாது. சரியான முடிவுதான். சரி என்று தெரிந்தும் நேற்று முன்தினம் முழுக்க வீட்டில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. உன் அறிக்கையைப் படித்தபோது நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒரு வாரம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாய் என்பதை நினைத்ததும் அந்த நன்றி தொண்டையிலேயே நின்றுவிட்டது. இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்.

நேற்று கயிற்றை இறக்கினோம். பாறையைத் திரும்பத் திறக்க வேண்டும் என்றால் முதலில் அது இறங்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டாராம். கணேசமூர்த்தி ஐயா வந்தார். விறகுப் பாதை வழியாக மேலே போய், சவுக்கு மரத்தில் இன்னொரு கயிறு கட்டி, அவரே பிடித்துக்கொண்டார். விளிம்பிலிருந்து இரண்டு கை ஆழம் நான் இறங்கி வளையத்தில் சிக்கியதை எடுக்க வேண்டும். முடிச்சைப் போட்டு முடித்தேன். ஐயா பார்த்துச் சரி என்றார்.

அப்போது உன் அம்மா வந்தார். தலையில் கயிறு மாட்டிய கூடை, இடுப்பில் படங்கு, நேராக மலையிலிருந்து வந்திருந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை. கூடையைக் கழற்றிப் புல்லில் வைத்தார். "முடிச்சக் காட்டு" என்றார்.

காட்டினேன். அவருக்கு என்ன தெரியும் என்று ஒரு கணம் நினைத்தேன், என் புத்தி அப்படி. ஒன்பது வருடமாக வீட்டுக் கொடியில் நீ கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கறை பிடித்த விரலால் ஒரு தடத்தைத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு பக்கத்துத் தடத்தில் திரும்பி வந்தார். இரண்டு ஓட்டமும் இருந்தன. நுனி ஒரு சாண் மிச்சம் இருந்தது.

"சரியில்ல. அவுத்துக் கட்டு" என்றார்.

கணேசமூர்த்தி ஐயா வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவிழ்த்துக் கட்டினேன். மறுபடி விரலால் தொட்டுப் பார்த்தார். "இன்னொருக்கா" என்றார். கட்டினேன். இந்த முறை நெடுநேரம் பார்த்தார். கீழே மடுவத்தில் நிறுவைக்குச் சங்கு ஊதியது, அவர் அசையவில்லை. பிறகு கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, "ம். போ" என்றார். நான் இறங்கி, கயிற்றை எடுத்துக்கொண்டு ஏறி வரும்வரை விளிம்பிலேயே நின்றார். நிறுவைக்குப் பிந்திப் போனதற்கு அவரை நேற்று யாராவது ஏசியிருப்பார்கள்.

உன் பாதி எட்டை நான் அவிழ்க்கவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன். வகுப்பு திரும்ப ஆரம்பிக்கும் நாளில் அதைக் காட்ட வேண்டும். நீ கைத்தடியோடு வந்து காட்டினால் நல்லது, என்னால் தனியாக முடியாது.

முடிச்சில் பிழை ஒன்றும் இருக்கவில்லை துஷாந்த். மூன்று தரமும் சரியாகத்தான் இருந்தது. அவருக்கும் அது தெரியும். அவர் அவிழ்க்கச் சொன்ன இரண்டு தரமும், அன்றைக்கு மடுவத்து வாசலில் அவர் குனிந்த மாதிரி, நான் தலையைக் குனிந்துதான் கட்டினேன். உன் அம்மா நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சுலக்ஷனா